முன்னணிப் பல்கலைக்கழகப் படிப்பில் உள்ள குறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறேன். அதற்கு முன்பு, பெயரைச் சொன்னாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காரும் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தேன். இந்த இரண்டையும் அறிந்தவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவர்கள், அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் பெற்றோர்கள், படித்து முடித்துப் பத்தாண்டு கழிந்தபின் எங்கோ ஒரு குறை இருக்கிறதே என்று யோசிப்பவர்கள் ஆகியோரின் கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நன்மைகளை எடுத்துச் சொல்ல அந்தப் பல்கலைக்கழகங்களே போதிய ஆட்களை வைத்திருப்பதால், நான் குறைகளோடு நின்றுகொள்கிறேன்.

1. எந்தப் பல்கலைக்கழகங்களை "முன்னணி" என்கிறீர்கள்? நன்றாகப் பாடம் நடத்துபவற்றையா?

அவை நன்றாகப் பாடம் நடத்தலாம். ஆனால் அந்தப் பெயர் அதனால் வந்ததில்லை. எத்தனை பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறது என்பதே ஒரு பல்கலைக்கழகத்தின் உயர்வுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஹார்வர்டில் அண்மை ஆண்டுகளில் விண்ணப்பித்த 100 பேரில் மூன்று அல்லது நான்கு பேருக்கே இடம் கிடைத்திருக்கிறது. "ஐவி லீக்" என்ற பெயரில் அறியப்படும் அமெரிக்காவின் பழைய தனியார் பல்கலைக்கழகங்கள் எட்டு, அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி போன்றவை, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும், பள்ளி முடித்தபின் பொதுவாக இரண்டாண்டு ஆயத்த வகுப்பில் உட்கார்ந்து போட்டித் தேர்வு எழுதி நுழைய வேண்டிய பிரான்சின் "கிராந்த் எக்கோல்" கல்விக்கூடங்கள் ஆகியவற்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் வேர் இதுதான். வடிகட்டுவதாலேயே பெயர்பெற்ற ஓர் இடத்தில், மாணவர் முதலில் கற்பதும் கடைசிவரை மறவாமல் இருப்பதும் அந்த வடிகட்டலைத்தான். வகுப்பறைப் பாடம் அதற்குப் பின்னால் வருகிறது.

2. இடம் கிடைக்காதவர்கள் சொல்லும் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" கதைதானே இது?

எனக்குப் பழம் கிடைத்தது; தின்றும் பார்த்தேன். அங்கிருந்த நூலகத்தைப் போன்ற ஒன்றை அதன்பின் நான் கண்டதில்லை. இன்றும் நான் மதிக்கும் நண்பர்களில் பாதிப் பேர் அங்கே கிடைத்தவர்கள். குறைகளைக் கூர்மையாகச் சொல்பவர்களும் பெரும்பாலும் உள்ளே படித்தவர்களும் உள்ளே கற்பித்தவர்களுமே. கீழே மேற்கோள் காட்டும் ஆய்வுகளை நடத்தியவர்கள் பலரும் இத்தகைய பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் என்பதையும் கவனிக்கலாம்.

3. அங்கே படித்தால் சம்பளம் கூடும் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

பாதி ஒப்புக்கொள்வேன். அங்கே படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மை. அது படிப்பால் வந்ததா, அந்தப் படிப்புக்குத் தேர்வாகும் அளவுக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்த திறனாலும் முனைப்பாலும் வந்ததா என்பதே கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழியைக் கண்டார்கள். கடுமையாகத் தேர்வு செய்யும் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களை, இடம் கிடைத்து அங்கேயே சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பிற்கால வருமானத்தில் பொதுவாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாக்கியது. ஐவி லீக்கின் எட்டையும் வேறு நான்கையும் சேர்த்த பன்னிரண்டு பல்கலைக்கழகங்களை அமெரிக்க மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் வருமானத்தில் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினருள் ஒருவராகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது; பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை பெறும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகிறது. அதாவது, எல்லோருக்கும் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் படிப்பாக அல்லாமல், சிலருக்கு மட்டும் உச்சிக்கு ஏணி வைக்கும் படிப்பாக அது இருக்கிறது. மாதச் சம்பளம் பற்றி மட்டும் கவலைப்படும் பெற்றோருக்கு முதல் ஆய்வையும், உச்சிப் பதவிகளைப் பற்றிக் கனவு காண்பவர்களுக்கு இரண்டாவதையும் நான் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

4. அப்படியானால் யாருக்குத்தான் அங்கே போவதால் லாபம்?

டேல், க்ரூகர் ஆய்விலேயே ஒரு விலக்கு இருந்தது. வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு வருமானத்தில் தெளிவான ஏற்றம் கிடைத்தது. வீட்டில் இல்லாத தொடர்புகளையும் தகவல்களையும் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கொடுக்கிறது; வசதியுள்ளவர்களுக்கோ அவை வீட்டிலேயே இருந்தன.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், அதிகப் பயன் பெறக்கூடியவர்கள்தாம் அங்கே மிகக் குறைவு. 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பிரின்ஸ்டன், யேல் உள்ளிட்ட 38 அமெரிக்கக் கல்லூரிகளில், வருமானத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள 60 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களைவிட, மேலே உள்ள ஒரு சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தார்கள்.

5. பாடமாவது அங்கே மேலாக நடத்தப்படும் அல்லவா? நோபல் பரிசு பெற்றவர்கள் அல்லவா ஆசிரியர்கள்?

நோபல் பரிசு ஆய்வுக்குக் கொடுக்கப்படுவது. இத்தகைய பல்கலைக்கழகங்களில் ஒரு பேராசிரியரின் நியமனமும் பதவி உயர்வும் பெரும்பாலும் ஆய்வை வைத்தே முடிவாவதால், இளநிலை மாணவருக்குப் பாடம் நடத்துவதில் செலவிடும் நேரம் அவர் தம் கையைவிட்டுக் கொடுக்கும் நேரமாகிறது. முதலாண்டில் நூற்றுக்கணக்கானோர் உட்காரும் பெரிய அரங்கில் அவரைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். விடைத்தாளைத் திருத்துவதும் சந்தேகம் தீர்ப்பதும் பெரும்பாலும் ஆய்வு மாணவர்களின் வேலை. ஒருவர் அல்லது இரண்டு மூன்று மாணவர்களை ஆசிரியர் வாரந்தோறும் உட்காரவைத்து விவாதிக்கும் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் முறை இதற்கு நல்ல விதிவிலக்கு. சிறிய கல்லூரிகள் சிலவற்றிலும் அதற்கு நிகரான கவனிப்பு கிடைக்கிறது என்பதைச் சொன்னால் பெற்றோர்கள் நம்புவதில்லை.

6. அங்கே ஏ கிரேடு வாங்குவது குதிரைக்கொம்பு என்கிறார்களே?

உள்ளே நுழைவதுதான் குதிரைக்கொம்பு. ஹார்வர்டில் மிக அதிகமாக வழங்கப்படும் கிரேடு ஏ என்றும், எல்லாக் கிரேடுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது ஏ-மைனஸ் என்றும் 2013இல் அந்தக் கல்லூரியின் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. 2020-21 கல்வியாண்டில் அங்கே வழங்கப்பட்ட கிரேடுகளில் 79 சதவீதம் ஏ வகையைச் சேர்ந்தவை. யேலிலும் நிலைமை இதுவே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004இல், ஏ வகைக் கிரேடுகள் 35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துப் பார்த்தது. மாணவர்களின் மனக்குறையும், இடம் கிடைத்தவர்கள் அதைக் கேட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார்களோ என்ற அச்சமும் சேர்ந்து 2014இல் அதைக் கைவிடச் செய்தன.

எல்லோருக்கும் நல்ல கிரேடு கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் தான் எழுதிய கட்டுரை உண்மையில் நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ளும் வழி மாணவருக்கு இல்லாமல் போகிறது. வகுப்பில் வடிகட்டல் நின்றுவிடுவதால் அது வெளியே வேறு வடிவில் முளைக்கிறது. மாணவர் மன்றங்களில் சேரவே நேர்முகத் தேர்வு, அதில் தோற்றவர்களின் கண்ணீர், முதலாண்டிலேயே இன்டர்ன்ஷிப்புக்கு ஓட்டம் என்று படிப்பைத் தவிர மற்ற எல்லாம் போட்டியாகிவிடுகின்றன.

7. பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்த என் மகள், அங்கே போன ஆறு மாதத்தில் "நான் ஒரு முட்டாள் அம்மா" என்று அழுகிறாள். என்ன ஆயிற்று அவளுக்கு?

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; ஒப்பிடும் கூட்டம் மாறிவிட்டது. கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரே அளவு திறனுள்ள இரண்டு மாணவர்களில், தேர்ந்தெடுத்த கெட்டிக்காரர்கள் நிறைந்த கூட்டத்தில் உட்காருபவர் தன் திறனைக் குறைத்தே மதிப்பிடுகிறார் என்பதுதான் அவர் கண்டது. "சிறு குளத்துப் பெரிய மீன்" என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். குளத்திலிருந்து கடலுக்குப் போன மீன் சுருங்கிவிடவில்லை. சுற்றியுள்ள மீன்கள்தாம் பெருத்துவிட்டன.

இதோடு இன்னொன்றும் சேரும். "ஏதோ தவறுதலாக எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்ற எண்ணத்தை, சாதனை படைத்த பெண்களிடம் கண்டு பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதினார்கள். உங்கள் மகளின் விடுதியில் அதே எண்ணத்தோடு அமைதியாக இருக்கும் மாணவிகள் பலர் இருப்பார்கள். எனக்குக் கவலை தருவது அழுகையன்று. அந்த மதிப்பீட்டை நம்பி, வேறெந்தக் கல்லூரியிலும் மகிழ்ச்சியோடு படித்திருக்கக்கூடிய கணிதத்தையோ இயற்பியலையோ இரண்டாம் ஆண்டில் விட்டுவிடுவதுதான். அப்படி விட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். பாடத்தை மாற்றுவதாக அவள் சொன்னால், பாடம் பிடிக்கவில்லையா, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பயமா என்று மட்டும் கேளுங்கள்.

8. மன அழுத்தம் எந்தக் கல்லூரியில்தான் இல்லை?

எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் அதன் தன்மை வேறு. உளவியலாளர் சுனியா லூதர் உயர் சாதனையை வலியுறுத்தும் பள்ளிகளின் மாணவர்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்து, பதற்றம், மனச்சோர்வு, போதைப் பழக்கம் ஆகியவை அவர்களிடம் பொதுநிலையைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். முன்னணிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் கூட்டத்தில் கணிசமான பகுதி அத்தகைய பள்ளிகளிலிருந்து வருகிறது. ஆகவே பல்கலைக்கழகம் அந்த நோயை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே அதைச் சுமந்து வருபவர்களைப் பொறுக்கி ஒரே இடத்தில் குவிக்கிறது என்பதே சரி.

எங்கும் சறுக்காத ஏட்டைக் கேட்டுவாங்கும் சேர்க்கை முறை, சறுக்கி எழுந்த அனுபவமே இல்லாதவர்களை உள்ளே கொண்டுவருகிறது. பதினெட்டு வயதுவரை ஒரு தேர்விலும் தோற்காதவருக்கு முதல் தோல்வி ஒரு நிகழ்ச்சியாகத் தோன்றுவதில்லை. தன்னைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றுகிறது. அதனால் அவர் தோற்க வாய்ப்புள்ள எதையும் தொடுவதில்லை. படைப்பாற்றலைப் பற்றி அதிகம் பேசும் நிறுவனங்களில் துணிந்து கிறுக்கிப் பார்ப்பவர்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள விடை இதுதான்.

9. எல்லாக் கதவுகளும் திறக்கும் என்று சொல்லித்தானே சேர்க்கிறார்கள். பிறகு ஏன் எல்லோரும் கன்சல்டிங்கிலும் முதலீட்டு வங்கியிலும் போய் விழுகிறார்கள்?

இந்தத் தொகுப்பிலேயே நான் மிக அதிகமாக யோசித்த கேள்வி இது. முதலாண்டில் கவிதை, கடல் உயிரியல், பள்ளிக்கூடம் நடத்துதல், சட்ட உதவி என்று ஆளுக்கொன்று பேசியவர்களில் கணிசமானோர், நான்காம் ஆண்டில் நிர்வாக ஆலோசனை, நிதி, பெரிய தொழில்நுட்ப நிறுவனம் என்ற மூன்று வரிசைகளில் நிற்கிறார்கள். பணத்தாசை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் என்னிடம் வந்த மாணவர்களில் பலர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "இதற்குப் போனால் எந்த வாய்ப்பும் மூடிப்போகாது" என்பதே அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. கதவைத் திறந்துவைப்பதே பழக்கமாகிப் போனவருக்கு, ஒரு கதவுக்குள் நுழைந்து மற்றவற்றைப் பின்னால் விட்டுவிடுவது இழப்பாகத் தெரிகிறது.

இரண்டாவது காரணம், அந்த வேலைகள் வந்து சேரும் விதம். இறுதியாண்டு தொடங்கும் முன்பே அந்த நிறுவனங்கள் வளாகத்துக்கு வருகின்றன. நாள் குறித்த விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, சுற்றுச்சுற்றாக நேர்முகம், கடைசியில் சிலர் பெயர் மட்டும் உள்ள பட்டியல் என்று எல்லாம் பல்கலைக்கழகச் சேர்க்கையின் அச்சு அசலாக இருக்கின்றன. ஒரு செய்தித்தாளிலோ சிற்றூர்ப் பள்ளியிலோ வேலை தேட அப்படிப்பட்ட பாதை எதுவும் போடப்படவில்லை. நாமே கதவைத் தட்ட வேண்டும், எப்போது திறக்கும் என்றும் தெரியாது. அடுத்த வடிகட்டி எங்கே என்று தேடப் பழகியவர், கண்ணெதிரே ஒரு வடிகட்டி வைக்கப்பட்டதும் அதில் தானாகவே போய் விழுகிறார். வேலை என்ன என்பதைவிட, நூற்றில் எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதே ஈர்க்கிறது.

மூன்றாவது காரணம் நிறுவனங்களின் பக்கம் இருக்கிறது. சமூகவியலாளர் லாரன் ரிவேரா, முதலீட்டு வங்கி, சட்டம், ஆலோசனை ஆகிய துறைகளின் உச்ச நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்டு 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எங்கே படித்தார் என்பதையும், ஓய்வு நேரத்தில் என்ன விளையாடினார், எங்கே பயணம் செய்தார் என்பதையும் அவர்கள் பெரிதும் பார்த்தார்கள். தங்களைப் போன்றவரையே விரும்பினார்கள். வேலைக்கான பயிற்சியைத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் அவர்கள், பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்குவது படிப்பையன்று, அதன் சேர்க்கை அலுவலகம் செய்துமுடித்த பொறுக்கலை என்று எனக்குத் தோன்றுகிறது.

10. எனக்குப் பள்ளி ஆசிரியராக விருப்பம். "இதற்கா அங்கே போய்ப் படித்தாய்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

"ஆம்" என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கேள்வியின் எடையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சாதாரணக் கல்லூரியில் படித்த ஒருவர் ஆசிரியரானால் அது ஒரு வேலை. உங்களுக்கு அது ஒரு விளக்கம் கேட்கும் குற்றமாகிவிடுகிறது. பட்டத்தோடு சேர்ந்து வரும் கடன் இது, பணத்தில் கணக்கிடப்படாதது. பழைய மாணவர் சந்திப்புகளுக்குச் சில ஆண்டுகள் போகாமல் இருந்தால் வட்டி குறையும்.

11. உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வரும் இடத்தில் படித்தால் மனம் விரிவடையத்தானே செய்யும்?

நாடு, நிறம், மொழி, சமயம் ஆகியவற்றில் அங்கே உண்மையாகவே விரிவு உண்டு. வர்க்கத்தில் அது சுருங்கிவிடுகிறது. 3ஆம் கேள்வியில் சொன்ன 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒரே நுழைவுத்தேர்வு மதிப்பெண் பெற்ற இரண்டு மாணவர்களில், உச்சி ஒரு சதவீதக் குடும்பத்தவருக்கு நடுத்தரக் குடும்பத்தவரைவிட அந்தப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மூன்று கண்டங்களைச் சேர்ந்த மூன்று மருத்துவர்களின் பிள்ளைகள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதைப் பன்மை என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

இதன் விளைவு மெல்லத்தான் தெரியும். பத்துக் காரணங்களை அடுக்கி வாதிடும் ஆற்றல் ஒன்றே அறிவு என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. ஓர் இயந்திரத்தின் ஓசையை வைத்தே கோளாறு இருக்கும் இடத்தைச் சொல்பவரின் அறிவும், அழும் நோயாளியை அமைதிப்படுத்தும் செவிலியரின் அறிவும், ஒரு பகுதியின் ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெருவில் நடந்தே சொல்லிவிடுபவரின் அறிவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அது கரைய ஏறத்தாழப் பத்தாண்டு பிடித்தது.

12. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு லாபம் என்று 4ஆம் கேள்வியில் சொன்னீர்கள். அப்படியானால் அவனுக்குக் குறையே இல்லையா?

வருமானத்தில் லாபம் என்றேன். வாழும்போது சுமை அவனுக்கே அதிகம். சமூகவியலாளர் ஆன்டனி ஜாக், உயர்நிலைத் தனியார் பள்ளிகளில் உதவித்தொகையோடு படித்து முன்பே பழகிவந்த ஏழை மாணவர்களையும், சாதாரணப் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்களையும் வேறுபடுத்திக் காட்டினார். பேராசிரியரின் அறைக்குப் போய்ப் பேசுவது முதலாமவருக்கு இயல்பு. இரண்டாமவருக்கு அது கெஞ்சுவது போலத் தோன்றும். விடுமுறையில் உணவுக்கூடத்தை மூடிவிடும்போது ஊருக்குப் போகப் பணமில்லாத மாணவர்கள் பசியோடு இருந்ததையும் அவர் பதிவு செய்தார். முழு உதவித்தொகை கொடுத்த நிர்வாகத்துக்கு, அந்த ஒரு வாரம் எங்கே சாப்பிடுவான் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு சுமையைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது பேச்சு மாறியிருக்கும், சிரிப்பு வரும் இடம் மாறியிருக்கும், அப்பாவின் கருத்தைத் திருத்த நாக்கு துடிக்கும். இரண்டு இடத்திலும் விருந்தாளியாகிப்போனதாக ஒரு மாணவர் என்னிடம் சொன்னார். வசதியுள்ள மாணவர் வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இந்தத் தூரத்தை நடப்பதே இல்லை.

13. உழைத்துத் தகுதியால் வென்றவர் பெருமைப்படுவதில் என்ன தவறு?

உழைப்புக்காகப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் இடம் கிடைத்ததை முழுவதும் தகுதியின் சான்றாக எடுத்துக்கொண்டால், கிடைக்காதவர் தகுதியற்றவர் என்பதும் பின்னாலேயே வந்துவிடும். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பழைய மாணவரின் பிள்ளைக்கு முன்னுரிமை நெடுங்காலமாக உண்டு. பணம் கொடுத்துப் போலி விளையாட்டு வீரர்களாகவும் போலி மதிப்பெண்களோடும் பிள்ளைகளை உள்ளே நுழைத்த மோசடி 2019இல் அம்பலமானது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும், இடத்தைவிடப் பல மடங்கு தகுதியானவர்கள் விண்ணப்பிக்கும்போது கடைசித் தேர்வில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

"மெரிட்டோக்ரசி" என்ற சொல்லை 1958இல் பரவலாக்கிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங் அதை ஏளனமாகவே பயன்படுத்தினார். தகுதியால் ஆள்வதாக நம்பும் கூட்டம், பிறப்பால் ஆண்ட கூட்டத்தைவிடக் கர்வம் பிடித்ததாகும் என்பது அவர் அச்சம். நிலப்பிரபுவின் மகனுக்கு அடிமனத்தில் ஓர் உறுத்தல் இருக்கலாம். தேர்வெழுதி வந்தவருக்கு அதுவும் இருக்காது. பிறகு அந்தச் சொல்லை அரசியல்வாதிகள் பாராட்டாகப் பயன்படுத்தத் தொடங்கியதைப் பார்த்து அவர் நொந்துகொண்டார்.

14. நாட்டை நிர்வகிப்பவர்கள் மிகச் சிறந்த கல்விக்கூடங்களிலிருந்து வருவது நல்லதுதானே? வேறு யார் வர வேண்டும் என்கிறீர்கள்?

பிரான்ஸ் இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. உயர் அரசுப் பணிகளைச் சில குடும்பங்களின் பிடியிலிருந்து விடுவிக்கவென்று 1945இல் தெ கோல் அரசு "எனா" என்ற தேசிய நிர்வாகப் பள்ளியைத் தொடங்கியது. நோக்கம் நல்லது. ஆனால் பள்ளியை முடிக்கும்போது போடப்படும் தரவரிசையில் முதலில் நிற்கும் சிலர் நிதி ஆய்வுத் துறை, அரசு ஆலோசனை மன்றம், தணிக்கை மன்றம் ஆகியவற்றில் இடம் பெற்றார்கள். இருபதுகளில் பெற்ற அந்த வரிசை எண் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஜிஸ்கார் தெஸ்தேன், சிராக், ஒல்லாந்த், மக்ரோன் என நான்கு குடியரசுத் தலைவர்கள் அங்கிருந்து வந்தார்கள். ஆளும் மேட்டுக்குடியின் மீதான கோபமாக, சாலைகளில் மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்தபின், அங்கே படித்த மக்ரோனே அதை மூடப்போவதாக அறிவித்தார். 2021 இறுதியில் அது மூடப்பட்டு, வேறு பெயரில் புதிய நிறுவனம் வந்தது. குடும்பப் பிடியை உடைக்கக் கட்டிய வடிகட்டி, காலப்போக்கில் அதே குடும்பங்கள் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பும் வாசலாகிவிட்டது என்பதே அதன் மீதிருந்த முக்கியமான குறை.

அமெரிக்காவில் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பலர் இருந்த குடியரசுத் தலைவர் கென்னடியின் அமைச்சரவையைப் பார்த்து அவருடைய துணைத் தலைவர் லிண்டன் ஜான்சன் வியந்து பேசியபோது, நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் சாம் ரேபர்ன், அவர்களில் ஒருவராவது ஒருமுறை ஷெரிஃப் என்ற உள்ளூர்க் காவல் அதிகாரி பதவிக்கான தேர்தலில் நின்றிருந்தால் தனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று சொன்னதாக ஒரு பதிவு உண்டு. அந்தக் கெட்டிக்காரர்களில் முக்கியமானவர்கள்தாம் பின்னர் வியட்நாம் போரை எண்களால் வழிநடத்த முயன்றார்கள். நிதித் துறையிலும் இதற்கு இணை உண்டு. 1997இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் இருவரும் பங்காளிகளாக இருந்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டே நிலைகுலைந்தது. அதைத் தாங்கிப்பிடிக்க 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட வேண்டியிருந்தது. அறிவில்லாததால் வந்த வினையன்று இவை. ஒரே வடிகட்டியில் வந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால், "இது நடக்காது" என்று சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் இருப்பதில்லை.

15. முதுகலைக்கும் ஆய்வுப் படிப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மிகக் குறைவாக. ஆய்வுப் படிப்பில் வழிகாட்டும் பேராசிரியர் யார், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்றையும் விசாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் நான்காவதாக வரட்டும்.

16. இவ்வளவும் சொல்கிறீர்களே, உங்கள் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்தால் அனுப்பமாட்டீர்களா?

அனுப்புவேன். பிள்ளைக்கு விருப்பம் இருந்து, கடன் கழுத்தை நெரிக்காது என்றால் தயங்கமாட்டேன். இந்தப் பதிலைக் கேட்டதும் பலர் சிரிக்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசமா என்கிறார்கள். நான் அங்கே போகாதே என்று யாருக்கும் சொன்னதில்லை. பக்கவிளைவுகள் அச்சிட்ட தாளோடுதான் மருந்து வருகிறது. இந்தப் படிப்போடு அப்படி ஒரு தாள் வருவதில்லை.

ஆனால் இரண்டு பேரை நான் தடுத்திருக்கிறேன். ஒருவர், தன் பாடத்துக்கு வேறொரு கல்லூரியில் நல்ல ஆசிரியரும் முழு உதவித்தொகையும் இருந்தும், பெயருக்காகப் பெருங்கடன் வாங்கத் துணிந்தவர். இன்னொருவர், கடிதம் வந்த நாளில் மகிழ்ச்சிக்குப் பதிலாக "அப்பாடா" என்று மட்டும் சொல்லி இரண்டு நாள் தூங்கியவர். அவரை ஓராண்டு தள்ளிச் சேருமாறு சொன்னேன். பல்கலைக்கழகமும் அதற்கு இடம் கொடுத்தது.

17. நான் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். முதலாண்டிலேயே என்ன செய்துவைக்கலாம்?

உங்களுக்குச் சுத்தமாக வராத ஒரு பாடத்தை, கிரேடு ஏட்டில் ஏறாத முறை இருந்தால் அதில், எடுத்துப் பாருங்கள். 8ஆம் பதிலில் சொன்ன பயத்தை இளவயதிலேயே ஒருமுறை சந்தித்துவிடுவது நல்லது. வளாகத்துக்கு வெளியே, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டு யாரும் வியக்காத ஒரு வேலையை வாரத்தில் சில மணி நேரம் செய்யுங்கள். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது அதில் சேராது. நூலகம் வளாகத்துக்குள் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 9ஆம் கேள்வியில் சொன்ன நிறுவனங்கள் வருவதற்கு முன், இரண்டாம் ஆண்டின் இறுதியில், "யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றால் நான் எந்த வேலையைச் செய்வேன்" என்று ஒரு தாளில் எழுதி, மூன்றாம் ஆண்டில் எடுத்துப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். என்னிடம் வரும் மாணவர்கள் சிலரிடம் அப்படி எழுதி வாங்கி நானே வைத்துக்கொள்கிறேன். திரும்பக் கேட்டு வருபவர்கள் பாதிப் பேர்தான். மீதித் தாள்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.